கார்னெட் கறுத்த விதம்

கையை எடுங்கள். வெறும் கையால் அதைத் தொடக்கூடாது. கோபம் ஒன்றும் இல்லை, இந்த வீட்டு வழக்கம் அப்படி. கொடியில் வெள்ளைத் துணி கிடக்கிறது பாருங்கள், அதை விரலில் சுற்றிக்கொண்டு தாராளமாகத் தொடுங்கள். நான் காலுறையைக் கையில் மாட்டியிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பருத்திக் காலுறை. நைலான் உதவாது.

நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போடுங்கள். நான் வேலையை நிறுத்த முடியாது. பொடி தடவியாயிற்று, முழுக்கக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

ஆசீரைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறேன் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டீர்கள். அது நல்ல குணம். போன தடவை வந்தவர் அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்னால் வந்தவர் எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் பாவம், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. உங்களை இங்கே அனுப்பியது டீக்கடைதானே? ‘கிழக்குத் தெரு அருமைநாயகத்தைக் கேளுங்க, அவருக்குத்தான் நல்லாத் தெரியும்’ என்றானா? சொல்லும்போது சிரித்தானா? சிரித்திருப்பான். இருக்கட்டும்.

கிருபை, ஆள் வந்திருக்கு, காப்பி போடு.

இது கார்னெட். டிரம்பெட் மாதிரிதான், கொஞ்சம் குட்டை. உள்ளே பித்தளை, மேலே வெள்ளி முலாம். கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுத்தது. என் அப்பாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. சபையின் பேண்டில் மற்றதெல்லாம் மஞ்சள், இது ஒன்றுதான் வெள்ளை. பண்டிகைப் பவனியில் சிலுவைக் கொடிக்கு அடுத்தபடி இதுதான் போகும். இருபத்திரண்டு வருஷம் நான் வாசித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இதில் ஒரு கறுப்புப் புள்ளி பார்த்தேன் என்று ஊரில் ஒருத்தன் சொல்லட்டும். சொல்ல மாட்டான்.

என்ன பொடியா? கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். விபூதி.

ஆமாம், விபூதிதான். வெள்ளிக்கு அதைவிட உசந்தது கிடையாது. புளி போட்டால் முலாம் பேர்ந்து வந்துவிடும். பற்பொடி கீறிவிடும். விபூதியை மல்துணியில் மூன்று தரம் சலித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, நீளவாக்கில் தடவ வேண்டும். வட்டமாகத் தேய்க்கக்கூடாது. கோயிலில் முன்வரிசையில் உட்காருகிற குடும்பம் நாங்கள், உள்ளூர்க் கடையில் போய் விபூதி கொடு என்று கேட்க முடியுமா? திருச்செந்தூருக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறேன். ஒரு நாள் குருவானவர் வீடு சந்திக்க வந்திருந்தார். மேசை மேல் பொட்டலம், பொட்டலத்தின் மேல் முருகன் படம். ‘என்ன அருமைநாயகம் இது?’ என்றார். ‘வெள்ளி துலக்க, ஐயா’ என்றேன். அன்றைக்கு ஜெபம் மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் ஆசீர் விஷயம் புரியாது.

எனக்கு முன்பல் நான்கு போயிற்று. போகவில்லை, எடுத்தேன். ஆடிக்கொண்டிருந்தது, எடுத்தேன். முன்பல் இல்லாமல் கார்னெட் வாசிக்க முடியாது, உதடு நிற்காது. பல்செட் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்துப் பார்த்தேன். மேல் ஸ்வரத்தில் செட்டு கழன்றுவிட்டது. கீழே விழவில்லை, பிடித்துவிட்டேன். அதை வைத்துக் கதை கட்டிவிட்டார்கள். பிறகு நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன். கமிட்டி கூடி, தீர்மானம் போட்டு, ஆள் அனுப்பிச் சொன்ன பிறகு நானாகத்தான் விட்டுக்கொடுத்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். யார் வேண்டுமானாலும் ஊதட்டும், கார்னெட் இருப்பது என் வீட்டில். என் இடத்துக்குக் கமிட்டி வைத்தது ஆசீரை. அவன் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும், வாசித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கமிட்டி ஒத்துக்கொண்டது.

ஆசீர் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கிறான், தெரியும்தானே. நல்ல வேலைக்காரன், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். சைக்கிளில் வருவான், பெட்டியைப் பின்னால் கேரியரில் கட்டுவான், ரோட்டில் உள்ள பள்ளத்தில் எல்லாம் விட்டு எடுப்பான். பெட்டிக்குள்ளே கார்னெட் கடகடவென்று ஆடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். முதல் வாரமே நான் சைக்கிள் கடைக்குப் போய் ஆறு பழைய டியூப் வாங்கி வந்தேன். கழுவி, காயவைத்து, கிழித்து, பெட்டிக்குள்ளே அடியிலிருந்து மூடிவரை ரப்பர் மெத்தை மாதிரி ஒட்டினேன். அதோ பெட்டி, பாருங்கள். இரண்டு நாள் வேலை. இப்போது அதை மாடியிலிருந்து போட்டாலும் உள்ளே ஒரு நசுங்கல் விழாது. அப்படிப் பார்த்துக்கொண்டவன் நான்.

அதற்குப் பத்து நாள் கழித்துக் கறுத்தது.

முதலில் டீ நிறம். ஒரு மாதத்தில் நீலம் ஓடின கறுப்பு, முற்றின கத்தரிக்காய் மாதிரி. நான் துலக்கிக் கொடுப்பேன், அவன் ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பான், அடுத்த ஞாயிறு திறந்தால் கறுப்பு. மறுபடி துலக்குவேன். மறுபடி கறுப்பு. நீங்களே சொல்லுங்கள். இருபத்திரண்டு வருஷம் வெள்ளையாக இருந்தது, ஆசீர் கை பட்டுப் பத்து நாளில் கறுத்தது. யாரைச் சந்தேகப்பட வேண்டும்? வேறு என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லையே.

காப்பி வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கிருபை பார்க்கிறாய்? உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரி அப்படித்தான் பார்ப்பாள்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்பிள்ளை காலில் கொலுசு கறுத்தால் என்ன சொல்வோம்? உடம்பில் சூடு என்போம். கறுப்பு அதிகமானால் வைத்தியரிடம் கூட்டிப்போவோம். நான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் அவன் பெட்டியைக் கொண்டுவந்தபோது தனியாகத்தான் கேட்டேன்.

“தம்பி, ஒனக்கு ஒடம்புல சூடு உண்டுமால?”

“லேத்து முன்னால எட்டு மணி நேரம் நிக்கேன் மாமா, சூடு இல்லாம குளிருமா?” என்று சிரித்தான்.

“வெளையாட்டுக்குக் கேக்கல. கார்னெட்டு கறுக்கு.”

“எண்ணெய்க் கையா இருக்கும் மாமா. இனிமே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாறேன்.”

கழுவிக்கொண்டுதான் வந்தான். சோப்பு வாசனை அடித்தது. அப்படியும் கறுத்தது. சரி என்று இந்தக் காலுறையில் ஒரு ஜோடி கொடுத்து, கையில் மாட்டிக்கொண்டு வாசி என்றேன். வேறு ஒருத்தனாக இருந்தால் மாட்டியிருக்க மாட்டான். இவன் மாட்டிக்கொண்டான். சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைப் பவனியில் ஊர் முழுக்கப் பார்க்க, இரண்டு கையிலும் காலுறையோடு வாசித்துக்கொண்டு போனான். சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து, “ஆசீர் அண்ணன் காலால வாசிக்கான்” என்று கத்தின. அவனும் காலைத் தூக்கிக் காட்டினான். எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அதற்கு அடுத்த வாரமும் கறுத்தது.

பார்த்தீர்களா? அங்கேதான் எனக்குப் பிடி கிடைத்தது. கை படவே இல்லை, கறுத்தது. அப்படியானால் கை இல்லை. வேறு எது கார்னெட்டுக்குள் போகிறது? மூச்சு. மூச்சு எங்கேயிருந்து வருகிறது? உள்ளேயிருந்து. வாத்தியார்கூட இவ்வளவு ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக யோசித்திருக்க மாட்டார்.

நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. சவரக்கடையில் பேச்சு வந்தது. “என்ன அண்ணாச்சி, கார்னெட்டு பேரு கெட்டுப் போச்சே, கரிச்சட்டி மாதிரி இருக்கு” என்றான் ஒருத்தன். நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்ல வருகிறான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா? “நான் தொடைக்கிறதுல குத்தம் இல்ல. ஊதுறவன் ஒடம்புல என்னமோ இருக்கு. வெள்ளி பொய் சொல்லாது” என்றேன். இவ்வளவுதான். என்ன வியாதி என்று நான் சொன்னேனா? பேர் சொன்னேனா? சொல்லவில்லை. ஈரல் என்று சேர்த்தது ஒருத்தன். சயரோகம் என்று சேர்த்தது இன்னொருத்தன். இன்னும் ஒன்று சொன்னார்கள், அதைப் பெண்ணைப் பெற்றவரிடம் நான் சொல்லக்கூடாது. அதெல்லாம் என் வாயிலிருந்து வந்ததல்ல.

அப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நாலுமாவடிப் பக்கம் பெண். முதல் ஓலை வாசித்தாயிற்று. உங்கள் ஊர்க் கோயிலிலும் அப்படித்தானே, மூன்று ஞாயிறு எழுந்து நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார்களே. முதல் ஞாயிறு வாசித்தார்கள். அவன் அம்மா தங்கபுஷ்பம் அன்றைக்குப் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். இரண்டாம் ஞாயிறு குருவானவர் அறிவிப்புப் புத்தகத்தைத் திறந்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்றார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் மூன்று மணிக்கு என்றார். புத்தகத்தை மூடிவிட்டார்.

மூடின சத்தம் எனக்குக் கேட்டது. பேண்டுக்காரர்கள் உட்காருகிற பக்கத்தில் ஆசீர் இந்தக் கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வால்வை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். அப்படிச் செய்யக்கூடாது, ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

பெண் வீட்டார் சனிக்கிழமை ராத்திரி குருவானவர் வீட்டுக்கு வந்து ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லையாம். காரணம் தெருவுக்கே தெரியும்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன், தங்கபுஷ்பம் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வருகிறாள். சபை முழுக்க நிற்கிறது. குருவானவர் படியில் நிற்கிறார். அவள் என்ன செய்தாள் தெரியுமா? முப்பத்தொரு வயது ஆம்பிளை, அவன் சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கிவிட்டாள்.

“பாரும் அண்ணாச்சி. நல்லாக் கிட்ட வந்து பாரும். பன்னெண்டு வருசமா எம் பிள்ள இடுப்புல கெடக்கு இந்த வெள்ளி அரணாக்கயிறு. ஒரு நாள் கழத்துனது இல்ல, ஒரு நாள் தொலக்குனது இல்ல. கறுத்துருக்கா? கறுத்துருக்கான்னு உம்ம வாயால சொல்லும்.”

கறுக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். வெயிலில் பளபளவென்று இருந்தது. அரைஞாண் கட்டக்கூடாது, அது பழைய வழக்கம் என்று குருவானவர் போன மாதம்தான் பிரசங்கம் செய்திருந்தார். அவர் முன்னாலேயே தூக்கிக் காட்டுகிறாள். அவர் மரத்தைப் பார்த்தார்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்?

“அவன் இடுப்ப வச்சா ஊதுதான்?” என்றேன்.

சிரித்தார்கள். ஒருத்தர் இல்லை, எல்லோருமே. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் சிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. வாயில் வைத்து ஊதுகிற சாமானுக்கு இடுப்பைக் காட்டினால் கேட்கத்தானே செய்வேன்?

ஆசீர், அம்மாவின் கையை எடுத்துவிட்டான். சட்டையை இறக்கி, கால்சட்டைக்குள் செருகிக்கொண்டான். “வா, போவோம்” என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் அவன் வயதில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். சாயங்காலம் கார்னெட்டைக் கொண்டுவந்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்து, கொக்கியைப் போட்டுவிட்டு, “இருக்கு மாமா” என்றான். அதோடு சரி. பேண்டுக்கு வரவில்லை. கோயிலுக்கு வருவான், கடைசி பெஞ்சில் இருப்பான், ஆசீர்வாதம் சொல்லும் முன்னால் எழுந்து போய்விடுவான்.

கொஞ்சம் நகருங்கள், வெயில் இங்கே விழ வேண்டும். இந்த வளைவில்தான் பொடி தங்கும்.

மஞ்சளாகத் தெரிகிறதா? எங்கே? அது வெயில். வால்வுப் பக்கமா? அதுவும் வெயில்தான்.

சரி, கேளுங்கள். இதற்கு மேல் ஒரு விஷயம் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டீக்கடைக்குத் தெரியாது. நான் ஒளிக்கவும் இல்லை, யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

ஆசீர் போன பிறகு ஐந்து மாதம் யாரும் கார்னெட்டைத் தொடவில்லை. வேறு ஒருத்தன் பித்தளை டிரம்பெட் வாங்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டான். எனக்கும் மனசில்லை, பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வைக்கும்போது துலக்கித்தான் வைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் திறந்தால், ஐயா, அவன் வாசித்த காலத்தில்கூட அப்படிக் கறுத்ததில்லை. அடுப்புக்கரி.

கிருபை பக்கத்தில் நின்றாள். “இப்ப யாரு ஊதுனா?” என்றாள்.

“அவன் மூச்சு உள்ள தங்கியிருக்கும்” என்றேன்.

“அஞ்சு மாசமா? உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கா?”

அவளிடம் பதில் சொன்னால் பேச்சு வளரும். மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போனேன். அங்கே வேலப்பன் என்று ஒருவர், பேண்டு வாத்தியம் எல்லாம் பழுது பார்க்கிறவர். பெட்டியைத் திறந்தார். கார்னெட்டைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குள் மூக்கை விட்டு மோந்தார். மோந்துவிட்டுச் சிரித்தார்.

“இந்த டியூபை யாருங்க ஒட்டுனது?”

“நான்தான். அடிபடக் கூடாதுன்னு.”

“அடிபடாது. செத்துப் போகும். ரப்பர்ல கந்தகம் இருக்குங்க. கந்தகமும் வெள்ளியும் ஒரே பெட்டிக்குள்ள கெடந்தா வெள்ளி கறுக்காம என்ன செய்யும்? இதைப் பிச்சு எறிஞ்சுட்டு உள்ள வெறும் பருத்தித் துணி வையுங்க. மூலையில ரெண்டு சாக்கட்டி போட்டு வையுங்க, ஈரத்தை இழுத்துக்கும். வாசிச்சதும் தொடைச்சு வையுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ஊதுறவன் ஒடம்பு…” என்று ஆரம்பித்தேன்.

“ஊதுறவனை விடுங்க. அவன் பாவம்” என்றார்.

அவருக்கு ஆசீரைத் தெரியவே தெரியாது. தெரியாத ஆளைப் பாவம் என்கிறார். அந்த ஊர்க்காரர்கள் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு கடைக்காரன் சொன்னால் வேதவாக்கா?

கிருபைதான் இருக்கிறாளே, சும்மா இருக்க மாட்டாள். என்னிடம் கேட்காமல் தன் வெள்ளிக் கொலுசில் ஒன்றைக் கழற்றி இந்தப் பெட்டிக்குள் பன்னிரண்டு நாள் போட்டுவைத்திருக்கிறாள். பதின்மூன்றாம் நாள் காலையில் முகம் மழிக்கப் போனால், கண்ணாடி மாட்டுகிற ஆணியில் கொலுசு தொங்குகிறது. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுத்தது பெட்டியில் கிடந்தது, வெள்ளை அவள் காலில் கிடந்தது. நான் இரண்டையும் ஒதுக்கிவிட்டு மழித்தேன்.

டியூபை ஏன் பிய்க்கவில்லை என்கிறீர்களா?

நல்ல கேள்வி. பிய்த்தால் என்ன ஆகும், யோசியுங்கள். கறுப்பது நின்றுவிடும். நின்றுவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அப்போ டியூப்தான் காரணமா, அருமைநாயகம் ஒட்டின டியூப்தான் காரணமா என்று கேட்கும். அறுபத்து மூன்று வயதில் நான் சபை நடுவே எழுந்து நின்று, ‘சகோதரர்களே, சைக்கிள் டியூப்’ என்று சொல்ல வேண்டுமா? கிருபை அதைத்தான் சொல்கிறாள். குருவானவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்கிறாள். முடியாது. அதனால் டியூப் இருக்கிறது, கறுக்கிறது, நான் துலக்குகிறேன். முன்பு வாரத்துக்கு ஒரு நாள், இப்போது தினமும். எனக்கு வேறு என்ன வேலை? முலாம் தேய்கிறது என்று அவள் சொல்கிறாள். தேயட்டும். என் கையால்தானே தேய்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள் என்றேனே, அவர்களிடம் நான் ஒரு பொல்லாப்பும் பேசவில்லை. “பையனுக்கு உடம்பில் ஏதாவது உண்டா?” என்று கேட்டார்கள். “நான் ஒன்றும் சொல்வதற்கில்லை” என்றேன். அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை. அவர்களாகவே தலையை ஆட்டிக்கொண்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பஸ் நிறுத்தத்துக்கு நேராகப் போய்விட்டார்களாம், ஆசீர் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லையாம். அதற்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் ஒரு மனுஷன் எப்படித்தான் இருப்பது?

ஆயிற்று. பாருங்கள், எப்படி இருக்கிறது. உங்கள் முகம் தெரிகிறதா? என் முகமும் தெரிகிறது. இனி இதைப் படுக்க வைத்து மூட வேண்டியதுதான்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? காப்பி அப்படியே இருக்கிறது.

இல்லை, உட்காருங்கள். நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் எழுந்தார்கள், இதே மாதிரி, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு. உட்காருங்கள் என்கிறேன்.

அவன் உடம்பில் ஒன்றும் கிடையாது.

கேட்டதா? ஒன்றும் கிடையாது. காய்ச்சல் என்று அவன் படுத்து நான் பார்த்ததில்லை. குடிக்க மாட்டான். வெற்றிலைகூடப் போட மாட்டான். மூச்சு? கோயில் வாசலில் எடுத்த பாட்டைத் தேரிமேடு வரை கீழே வைக்காமல் கொண்டுபோவான். மணலில் ஏறிக்கொண்டு ஊதுவது லேசு இல்லை, ஊதிப் பார்த்தவனுக்குத் தெரியும். நல்ல மூச்சு. என் மூச்சுக்குக் கொஞ்சம் குறைவு. கூட என்றும் சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அம்மாவை நன்றாக வைத்திருக்கிறான். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம், உங்கள் மகள் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

ஆனால் இதை அருமைநாயகம் சொன்னார் என்று எங்கேயும் சொல்லக்கூடாது. ஊரில் கேட்டேன், சொன்னார்கள் என்று சொல்லுங்கள். டீக்கடையில் சொன்னார்கள் என்று சொன்னால் இன்னும் நல்லது, அவன் முழிப்பான். நான் மாற்றிப் பேசிவிட்டேன் என்று ஒருத்தன் சொல்லக்கூடாது. நான் மாற்றிப் பேசவும் இல்லை. அன்றைக்கும் நான் பார்த்ததைத்தான் சொன்னேன், இன்றைக்கும் பார்த்ததைத்தான் சொல்கிறேன். அன்றைக்குப் பார்த்தது வேறு, அதற்கு நான் என்ன செய்ய?

குருவானவரிடமா? அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? உங்களிடம் சொல்லிவிட்டேன், போதாதா? உங்களுக்குப் பெண் கொடுக்கிற காரியம், உங்களுக்குச் சொன்னேன். சபைக்கு என்ன வந்தது?

இருங்கள், அவன் வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போனால் வழி தப்பும். தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இரண்டு சந்து பிரியும், தப்பான சந்தில் போனால் நேராக பஸ் நிறுத்தத்துக்கே கொண்டுவிடும். சந்து முனை வரை வந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். கிருபை, சட்டையை எடு. எங்கே என்றால் என்ன சொல்வது, இங்கேதான். வண்டியைத் தள்ளிக்கொண்டே வாருங்கள், மணல், ஓட்ட முடியாது.

இதுதான் முனை. அந்தப் பச்சைச் சுவர் தெரிகிறதே, அது இல்லை, அதற்கு அடுத்தது. இரண்டு வருஷம் ஆயிற்று நான் இந்தச் சந்துக்குள் வந்து. வர வேண்டிய வேலை இல்லை, அவ்வளவுதான். வெள்ளை அடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நாய் குரைக்கும், கடிக்காது. அது என்னைத்தான் குரைக்கிறது, உங்களை இல்லை, நடங்கள்.

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை. நீங்களாக விசாரித்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்தக் கேட்டை அப்படித் தள்ளினால் திறக்காது. கீல் இறங்கிக் கிடக்கிறது, அடி தரையில் இடிக்கும். கொஞ்சம் தூக்கிக்கொண்டு தள்ள வேண்டும். விடுங்கள், உங்களுக்கு வராது, ஒரு கையில் வண்டி வேறு. இந்தப் பக்கம் நில்லுங்கள்.

ம். போங்கள். வண்டியையும் உள்ளே கொண்டுபோய் நிழலில் நிறுத்துங்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.